ஷேட் கார்டில் இல்லாதது

ஒரே சீசனில் நாலாயிரம் லிட்டர் விற்றதற்கு
பெயிண்ட் கம்பெனி கொடுத்த பரிசு:
நார்வே, சுவீடன், டென்மார்க்.
ஒன்பது பகல். ஜூன் மாதம்,
இரவு கணக்கில் வரவில்லை.

டோல்கேட் மெட்ரோ தூணுக்குப் பின்னால்
பாதி மறைந்திருக்கிறது என் கடை.
கிளம்பும்போது பெயிண்டர் ஏகாம்பரம் சொன்னான்:
"அங்க செவுத்துக்கு இன்னா அடிக்கிறானுங்கோன்னு
பாத்துனு வாண்ணே."

பார்த்தேன் ஏகாம்பரம்.
சுவீடனில் ஏரிக்கரை ஏரிக்கரையாய் மரவீடுகள்,
நாம் இரும்பு கேட்டுக்கு அடிக்கும் அதே ரெட் ஆக்சைடு.
ஜன்னல் ஓரம் மட்டும் வெள்ளை.
அதற்குமேல் அந்த ஊரில்
மனுஷன் அடித்த கலர் ஒன்றும் பெரிதாக இல்லை.

பிறகு நார்வே.
இரண்டு மலைக்கு நடுவில் கடல் புகுந்து
திரும்பிப் போக மறந்த இடம்.
கப்பல் மேல்தட்டில் ஈரோடு டீலர்
புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
மலையுச்சியிலிருந்து அருவி விழுந்தது,
சத்தம் மட்டும் வந்து சேரவில்லை.
காது அடைத்துவிட்டதென்று
மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன்.
காது சரியாகத்தான் இருந்தது.
இருபத்திரண்டு வருஷம் கன்டெய்னர் லாரிக்குப் பழகியது,
அங்கே கேட்க ஒன்றுமில்லாமல் நின்றது.

பழக்கதோஷம்,
பைக்குள் ஷேட் கார்டு இருந்தது.
எடுத்துத் தண்ணீருக்கு நேராகப் பிடித்தேன்.
ஆயிரத்து எண்ணூறு கட்டம்.
எதை வைத்தாலும் அட்டைதான் அழுக்காகத் தெரிந்தது.
பச்சை இல்லை, நீலம் இல்லை,
பாலில் மயில்துத்தம் கரைத்த மாதிரி ஒன்று.
சூரியன் மேகத்துக்குள் போனதும் அதுவும் மாறிவிட்டது.
கைடு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
நானும் சிரித்து வைத்தேன்.

வடக்கே போகப்போக வெயில் படுக்கவேயில்லை.
ராத்திரி பன்னிரண்டுக்கு
எண்ணூர் பவுண்டரியில் மூன்றாம் ஷிஃப்ட் பார்ப்பவன்போல்
கண் சிவந்து
கடல்மேல் நின்றுகொண்டிருந்தது.
ஓட்டல் அறையில் கம்பளி கனத்துக்குத் திரை.
இழுத்து மூடினால்தான் ராத்திரி.

வந்து நாலாம் நாள்
நவமணி வந்தாள்.
காசிமேட்டில் மீன் ஏலம் கூறுபவள்,
பவர்குப்பத்தில் ஒற்றை அறை.
உள்சுவருக்கு நல்ல கலர் வேண்டுமாம்.
போனைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினேன்.
பனி, மலை, அந்தத் தண்ணீர்.

"மீன் கீதா அதுல?"
இருக்கும் என்றேன். பார்க்கவில்லை.
"கரையில ஒரு ஜனத்தையும் காணோமே."
பத்து மைலுக்கு ஒரு வீடு என்றேன்.
உச்சுக் கொட்டினாள், பாவம் என்பதுபோல்.

நடுராத்திரிச் சூரியனிடம் மட்டும் நின்றாள்.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"இப்டி விடிய விடிய வெளிச்சம் அடிச்சா
எப்டி அண்ணாச்சி தூங்குவாங்கோ?"

திரையைப் பற்றிச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வார்ஃபுக்குப் போகிறவள்,
காலை பத்துக்கு வந்து படுக்கிறவள்,
தகர ஜன்னல் இடுக்கில் நுழைகிற வெயிலை
முந்தானையால் மூடிப் பதினாறு வருஷம் படுத்தவள்.

"அந்தத் தெரை கலர் குடு."

சுவர் முழுக்கவா என்றேன்.
இருட்டடிக்கும், அறை சின்னதாகத் தெரியும்,
டார்க் பேஸ் விலையும் கூட.
"இப்ப மட்டும் பெருசாவா கீது?"

மெஷினில் கறுப்பு, நீலம், ஒரு சொட்டு பச்சை.
எந்த நம்பரும் போடாமல் கையாலேயே அழுத்தினேன்.
மலை நிழல் விழுந்த பக்கம்
தண்ணீர் அப்படித்தான் கிடந்தது.
டப்பா நாலு நிமிஷம் குலுங்கியது.
மூடியைத் திறந்தபோது
ஹார்பர் லாரி ஒன்று கடந்து போனது,
நாங்கள் இரண்டு பேரும் டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாள்,
முகம் கொஞ்சம் உப்பியிருந்தது, தூங்கி எழுந்த உப்பல்.
இன்னொரு லிட்டர் வேண்டுமாம்.
கதவுக்கும்.